பதினோரு வார்த்தை

"சனிக்கிழமை ஒரு ஜப்பான்காரர் வர்றாராம்ணே. அவர்கூட நீங்கதான் பேசணுமாம். துரை சொல்லிட்டாரு."

ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சாம்பசிவம் இதைச் சொன்ன நேரத்தில் செல்லையா தேயிலைத் தொழிற்சாலை வாசலில் தடுப்புக் கட்டையைப் பாதி தூக்கியிருந்தார். பாதியிலேயே கையை விட்டுவிட்டார். கட்டை நேராக சாம்பசிவத்தின் மோட்டார் சைக்கிள் விளக்கில் வந்து விழுந்தது.

"எதுக்கு வர்றான்?"

"கொழுந்து வெட்டுற மிஷின் காட்டறதுக்கு. அரசாங்கம் கிழக்கைப் பாருங்க, ஜப்பானைப் பார்த்துக் கத்துக்குங்கன்னு சொல்லிருச்சில்ல, நம்ம துரையும் பார்க்கிறாரு."

"மேற்கால பார்த்துக்கிட்டிருந்தப்ப நல்லாத்தானேடா இருந்துச்சு."

"உங்களுக்கு என்னண்ணே கவலை? ஜப்பான் ஜெனரல்கூட ஒரே தட்டுல சோறு தின்னவராச்சே நீங்க!" உடைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே சாம்பசிவம் போய்விட்டான்.

செல்லையா யாரையும் நம்பாத ஆள். கொழுந்து நிறுக்கிற தராசை நம்பமாட்டார். தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுக்கிற மாத்திரையை நம்பமாட்டார். ரேடியோவில் நேரம் சொன்னால்கூட வாசலுக்கு வந்து சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். அப்படிப்பட்டவர் தன் வாயால் ஒரே ஒரு புளுகு விட்டிருந்தார். நாற்பது வருஷமாக அது அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. சப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் தானா ராத்தா பட்டாள முகாமில் தான் மொழிபெயர்ப்பாளராக இருந்ததாகச் சொன்னதுதான் அந்தப் புளுகு.

முகாமில் இருந்தது உண்மை. அங்கே சமையல்கட்டில் தேநீர்க் கெத்தல் கழுவிக்கொண்டிருந்தார். வயது பதினாலு. மூன்று வருஷத்தில் அவர் காதில் ஏறிய ஜப்பான் மொழி மொத்தம் பதினோரு வார்த்தை. 'கியோட்ஸ்கே' என்றால் விறைத்து நில். 'கெய்ரே' என்றால் குனிந்து கும்பிடு. 'ஹாயாக்கு' சீக்கிரம். 'மிஸு' தண்ணீர். 'டாமே' உதவாது. 'பக்கேரோ' முட்டாள், இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார். 'ஹாய்' சரிங்க. 'ஓஹாயோ' காலை வணக்கம். 'அரிகத்தோ' நன்றி, இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை, பக்கத்தில் நின்று கேட்டதுதான். கடைசியாக 'இச்சி', 'நீ' - ஒன்று, இரண்டு. மூன்று என்ன என்று தெரியாது. இரண்டு எண்ணி முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

இந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டு பெண் வாங்கினார். முன்னே இருந்த வெள்ளைக்காரத் துரையிடம் வாசல் காவல் காக்கிற ஜாகா வேலையும் வாங்கினார். இப்போது இருக்கும் மானேஜர் நாகரத்தினம் துரை நம்ம ஆள்தான். ஆனால் துரை என்றால் துரைதான்.

மறுநாள் காலை ஆபீஸில் துரை சுருக்கமாகச் சொன்னார்.

"செல்லையா, முப்பதாம் தேதியோட உனக்கு அம்பத்தஞ்சு முடியுது."

"ஆமாங்க துரை."

"வேலை முடிஞ்சா தோட்டம் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும். சட்டம். ஆனா சனிக்கிழமை அந்த ஆள்கூட ஒழுங்காப் பேசிக் குடுத்தீன்னா இன்னும் ரெண்டு வருஷம் ஜாகாவா இரு. வீடும் இருக்கட்டும்."

"ஒழுங்காப் பேச வரலேன்னா துரை?"

துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது வருஷமா தோட்டத்தையே ஏமாத்தின ஆளுக்கு நான் எதுக்கு வீடு குடுக்கணும்?"

வீட்டுக்கு வந்ததும் செல்லையா கதவைச் சாத்திவிட்டு மனைவி வடிவம்மாளிடம் உண்மையைச் சொன்னார். அவள் நாள்கூலிக்குக் கொழுந்து எடுப்பவள். நாள்கூலிக்காரிக்குத் தோட்டம் வீடு கொடுக்காது. அவர் வேலை போனால் இரண்டு பேரும் சட்டி பானையோடு ரோட்டில்தான்.

"அப்ப அந்த ஜெனரல்?" என்றாள்.

"ஜெனரல் குடிச்ச கெத்தல் வடிவு. நான் கழுவுனது."

"எங்கப்பாகிட்ட, மாப்பிள்ளை மூணு பாஷை பேசுவார்னு சொன்னது?"

"தமிழ் ஒண்ணு. மலாய் ஒண்ணு..."

"போதும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ரிங்லெட் டவுன் தையக்காரனைக் கட்டியிருப்பேன். இப்ப அவனுக்குக் கல்லு வீடு."

ராத்திரி முழுக்க யோசித்துச் செல்லையா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். வாயைத் திறந்து காட்டினார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் போய்விட்டதாம்.

"அடடா" என்றார் துரை. "பரவாயில்லை. அவர் பேசறதை நீ கேட்டு எழுதிக் குடு. நீ கேக்க வேண்டியதை ஜப்பான் எழுத்துல எழுதி அவர்கிட்ட நீட்டு. சாம்பசிவம், செல்லையாவுக்கு நோட்டு ஒண்ணும் பென்சிலும் எடு."

செல்லையா தமிழிலேயே மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடும்போது 'ல்'லுக்கு மேலே புள்ளி வைக்க மறப்பவர்.

"தொண்டை இப்பத்தான் திறந்திருக்கு துரை!" என்றார் கணீரென்று.

சாம்பசிவம் நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றான். அப்படி நிற்பதற்கு அவன் மிகவும் கஷ்டப்பட்டான்.

சனிக்கிழமை பனி விலகுவதற்குள் ஈப்போவிலிருந்து லோரி வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டு வந்தவர் பஷீர் என்ற இளவயது பாய். பின்னால் மரப்பெட்டியில் மிஷின். முன்னால் பஷீர் பக்கத்தில் ஜப்பான்காரர், பெயர் தனாக்கா சான். மெலிந்த ஆள், நாற்பது வயதிருக்கும். கறுப்பு டை, வெள்ளைக் கையுறை. வாயிலிருந்து புகை வருகிற அந்தக் குளிரில் அவருக்கு மட்டும் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

துரை இறங்கி வந்து இங்கிலீஷில் வரவேற்றார். தனாக்கா சான் தலையை ஆட்டி, கையை விரித்து, இங்கிலீஷ் தெரியாது என்று காட்டினார். இப்படி ஏதாவது சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முன்பே யோசித்து வைத்தவர் போலக் கொஞ்சம் நிம்மதியாகவும் தெரிந்தார்.

"கவலை வேண்டாம். எங்ககிட்ட ஜப்பான் மொழியில கரைகண்ட ஆள் இருக்கார்" என்று துரை சைகையோடு சொல்லி, செல்லையாவை முன்னால் தள்ளினார்.

தனாக்கா சானின் முகம் வெளுத்துவிட்டது. லோரியைத் திரும்பிப் பார்த்தார். பஷீர் சட்டென்று டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

செல்லையா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை இவனுக்கு. கெத்தல் கழுவின கை என்று முகத்திலேயே தெரிகிறதோ?

"ம், வரவேற்று ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார் துரை.

ஓஹாயோ என்று சொல்லத்தான் செல்லையா வாயைத் திறந்தார். ஆனால் எதிரே டை கட்டிய ஜப்பான்காரரைப் பார்த்ததும் பதினாலு வயதில் தினமும் காலையில் காதில் விழுந்ததுதான் தொண்டையிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தது.

"கியோட்ஸ்கே!"

தொழிற்சாலைக்குப் பக்கத்து ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஐம்பது தாண்டினவர்கள் பதினாலு பேர். சப்பான்காரன் காலத்தை உடம்பில் வாங்கினவர்கள். பதினாலு பேரும் அடித்து வைத்த ஆணி மாதிரி விறைத்து நின்றார்கள். சின்ன வயசுப் பெண்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"கெய்ரே!"

இதையும் செல்லையா சொல்லவில்லை. வாய் சொன்னது. பதினாலு பேரும் இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். முதுகுக் கூடையில் இருந்த கொழுந்தெல்லாம் தலைவழியாக அவரவர் முன்னால் கொட்டியது. செல்லையாவும் குனிந்தார். தனாக்கா சான் அவரைவிடத் தாழ்வாகக் குனிந்தார். ஒரு மரியாதைக்குத் துரையும் குனிந்தார்.

யாரும் நிமிரவில்லை. நிமிரச் சொல்வதற்கும் ஒரு வார்த்தை உண்டு. அது பன்னிரண்டாவது வார்த்தை. அதைத்தான் செல்லையா மறந்து தொலைத்திருந்தார். சொல்லாமல் நிமிர்ந்தால் அந்தக் காலத்தில் கன்னத்தில் விழும்.

"எவ்வளவு நேரம் செல்லையா?" குனிந்தபடியே துரை கிசுகிசுத்தார்.

"பெரிய ஆளுங்க வந்தா கொஞ்சம் நீளமாத்தான் துரை குனிவாங்க."

மேல் வரிசையிலிருந்து வடிவம்மாள் குரல் வந்தது. "எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. சப்பான்காரன் அறைஞ்சாலும் சரி, நான் நிமிர்றேன்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். "நாங்க கொட்டுன கொழுந்துக்கு யாரு நிறுவை போடுவா மாமா?" என்று வேலம்மா என்ற வாயாடி செல்லையாவைப் பார்த்துக் கத்தினாள்.

துரைக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "பிரமாதம்! சரி, மணிக்கு எத்தனை கிலோ வெட்டும்னு கேளு."

செல்லையா மிஷினைக் காட்டினார். கொழுந்தைக் காட்டினார். பிறகு கம்பீரமாகக் கேட்டார். "இச்சி? நீ?"

தனாக்கா சான் டையைத் தளர்த்தினார். திடீரென்று காலை அகட்டி வைத்து, வலது கையை வானத்தை நோக்கி நீட்டி, "இக்குஸோ!" என்று கத்தினார்.

"நூறு கிலோவாம் துரை."

"பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?"

"ஹாயாக்கு! மிஸு!" என்றார் செல்லையா. தண்ணீரும் பெட்ரோலும் இரண்டும் ஊற்றுகிற சாமான்தானே என்று நினைத்தார்.

தனாக்கா சான் இரண்டடி பின்வாங்கி, நெஞ்சில் கை வைத்து, "மசாக்கா...!" என்று இழுத்தார்.

"ரொம்பக் கம்மியாம்."

அதற்குள் வேலம்மா ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஓடிவந்தாள். மிஸு அவளுக்கும் தெரியும். ஹாயாக்கும் தெரியும். தனாக்கா சான் மூன்று கோப்பை குடித்தார்.

செல்லையாவுக்கு உள்ளே ஓர் உறுத்தல். முகாமில் எவனும் இப்படிக் கையை வானத்துக்கு நீட்டிப் பேசியதில்லை. அவன் சொல்கிற ஒரு வார்த்தைகூட நம் பதினொன்றில் இல்லை. சரிதான், அது பட்டாளத்து ஜப்பான், இது படித்தவர்கள் பேசுகிற ஜப்பான். நமக்கு எங்கே அது தெரியப்போகிறது?

மிஷின் இரண்டு ஆள் பிடிக்கிற சாமான். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் பல் பல்லாக நீளக் கத்தி, பின்னால் வால் மாதிரி ஒரு பெரிய பை. "பாஷை தெரிஞ்ச நீயே அந்தப் பக்கம் பிடி" என்றார் துரை.

தனாக்கா சான் கயிற்றை ஏழு தரம் இழுத்தார். எட்டாவது தரம் மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சூடான குழாயில் அவர் கை பட்டு, வாய்க்குள் ஏதோ திட்டினார். கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிற சீனத் தவுக்கே முதலாளிகள் திட்டுகிற மாதிரியே இருந்தது. கோபம் வந்தால் எல்லாப் பாஷையும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று செல்லையா நினைத்துக்கொண்டார்.

மிஷின் இறக்கத்தில் இழுத்துக்கொண்டு ஓடியது. கத்தி கொழுந்தோடு நிற்கவில்லை. முற்றிய இலை, காம்பு, கிளை என்று எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளியது.

"யாமெரோ!" என்று கண்ணை உருட்டிக் கத்தினார் தனாக்கா சான். "மாத்தே! யாமெரோ!"

நில் என்கிறானோ ஓடு என்கிறானோ, ஜப்பான்காரன் கத்தினால் இன்னும் வேகமாக ஓடு. முகாமில் செல்லையா அடிபட்டுக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

"ஹாய்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு இன்னும் வேகமாகத் தள்ளினார்.

பாதி வரிசை தாண்டி, வாய்க்காலில் முட்டி, பை கிழிந்து, மிஷின் தானாகவே அடங்கியது. திரும்பிப் பார்த்தால் தேயிலைச் செடிகளெல்லாம் பழனிக்கு முடி கொடுத்துவிட்டு வந்த மாதிரி மொட்டையாக நின்றன.

துரையின் முகம் சிவந்தது. "செல்லையா! என்ன இது? என்ன சொல்றான் இந்த ஆள்?"

லயத்து வீடும் அதன் வாசலில் வடிவம்மாள் வைத்த முருங்கையும் செல்லையா கண்முன்னே வந்து போயின.

"கவ்வாத்து துரை. கொழுந்து வெட்டறது மட்டுமில்ல, செடியை ஒட்ட நறுக்கிக் கவ்வாத்து பண்றதுக்கும் இதே மிஷின்தானாம். அதையும் சேர்த்துக் காட்டினேன்கிறாரு."

துரை மொட்டைச் செடி ஒன்றைக் குனிந்து தடவிப் பார்த்தார். "ஒரே மிஷின்ல ரெண்டு வேலை!" முகம் மலர்ந்தது. "நாலு மிஷின் வாங்கலாம் போலிருக்கே!"

பங்களாவில் மத்தியானச் சாப்பாடு. தனாக்கா சான் காரமான நெத்திலிச் சம்பலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூக்கில் ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. செல்லையா சாப்பாடு இறங்காமல் பக்கத்தில் நின்றார்.

துரை விருந்தாளியைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தனாக்கா சான் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"நான் சொன்னதை எடுத்துச் சொல்லு செல்லையா. மூணு நாள் இங்கேயே தங்கி எல்லாக் கங்காணிக்கும் மிஷின் பழக்கணும். நீயும் ராப்பகலா அவர் பக்கத்திலேயே இருந்து பேசிக்கிட்டிருக்கணும்."

மூணு நாள்! செல்லையாவிடம் இருந்த பதினொன்றில் ஏழு காலையிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஓஹாயோ, அரிகத்தோ, டாமே, பக்கேரோ. அந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு மனிதனோடு மூணு நாள் எப்படிக் குடித்தனம் பண்ணுவது? தவிர, நாளைக்கே எவனாவது இன்னொரு மலையை மொட்டையடித்துவிட்டு வந்து, ஜப்பான்காரர் சொன்னபடிதான் செய்தேன் என்பான்.

ஆனது ஆகட்டும், இந்த மனுசனிடமே காலில் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தார். கை கழுவ வெளியே வந்த தனாக்கா சானைத் தொழிற்சாலைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டு போவதா, இழுத்துக்கொண்டு போவதா? அவர் வழியில் கிடைத்த தூணையெல்லாம் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நாம ரெண்டு பேரும் பேசறது பேச்சே இல்லைங்க" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். தன் வாயைத் தொட்டார். அவர் வாயைக் காட்டினார். விரலை ஆட்டினார். "டாமே." பங்களாவைக் காட்டினார். "துரைக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். டாமே! எல்லாம் டாமே!" இரண்டு கையையும் கூப்பினார்.

தனாக்கா சான் பங்களாப் பக்கம் எட்டிப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று கெஞ்சுவது போலத் தலையை ஆட்டினார். அவசர அவசரமாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி செல்லையாவின் கையில் மாட்டினார். பிறகு நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து கும்பிட்டுவிட்டு, பங்களாவைப் பார்த்து ஓடினார்.

செல்லையா கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆளைத் தீர்த்துக்கட்டும் முன்னால் பரிசு கொடுக்கிற வழக்கம் எதுவும் இவர்களுக்கு உண்டோ என்னவோ! நம்ப முடியாது.

பின்னாலேயே ஓடி அவர் போய்ச் சேர்ந்தபோது, தனாக்கா சான் துரைக்கு எதிரே நின்று வயிற்றைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைக் காட்டினார். செல்லையாவைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, "இச்சிபான்! இச்சிபான்!" என்றார். அவ்வளவுதான், லோரியில் ஏறிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் துரை.

"நம்ம சம்பல் அவருக்கு ஒத்துக்கல துரை." வீடு போச்சு என்று செல்லையா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இச்சிபான்னா முதல் தரம். அது எனக்கே தெரியும்யா" என்று துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னை மாதிரி ஜப்பான் பேசற ஆளை அவங்க ஊர்லயே பார்த்திருக்க மாட்டாரு போல. ரெண்டு வருஷம். வீடும் உனக்குத்தான். அடுத்த மாசம் மிஷின் கம்பெனியிலேர்ந்து நாலு ஜப்பான்காரங்க வர்றாங்க. நீ பார்த்துக்க."

செல்லையாவுக்குச் சந்தோஷம் வந்தது. உடனே பதினொரு வார்த்தையை நாலு பேருக்கு எப்படிப் பங்கு போடுவது என்று விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

வாசலில் தடுப்புக் கட்டையைத் தூக்க அவர்தான் போக வேண்டும். போனார். லோரி வந்து நின்றது. தனாக்கா சான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே சரிந்து உட்கார்ந்திருந்தார். பாவம், எவ்வளவு கேவலப்படுத்திவிட்டோமோ என்று செல்லையாவுக்கு மனசு கேட்கவில்லை. விறைத்து நின்று, நன்றாகக் குனிந்து கும்பிட்டார். ஜன்னலுக்குள் இருந்த உருவம் இன்னும் கீழே போய்விட்டது.

பஷீர் மட்டும் இறங்கினார். டயரைப் பார்க்கிற மாதிரி சுற்றி வந்து, செல்லையாவின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, வாட்ச்சை நீங்களே வெச்சுக்குங்க, துரைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நிஜ ஜப்பான்காரருக்குக் காய்ச்சல், இவரு மிஷின் விக்கிற எங்க முதலாளியோட மச்சான், ஈப்போவுல வீடியோ கடை வெச்சிருக்கிற சீனரு, கடையில ஓடுற ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்துப் பொறுக்கினது மொத்தமே பத்து வார்த்தை, அதை வெச்சிக்கிட்டு உங்களை மாதிரி ஜப்பான் கரைச்சுக் குடிச்சவர்கிட்ட எத்தனை நேரம்லா தாக்குப்பிடிப்பாரு?"